கணக்குப்பிள்ளையோடு வந்த பீர்

ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஆண்டறிக்கை புதுச் சங்கதி அல்ல. 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல், ‘ராமமந்திரம்’ என்ற முகவரியைப் பதிவு அலுவலகமாகக் கொண்ட ராம்கோ சிமெண்ட்ஸ் வரை, மார்ச் 31ஆம் தேதியோடு கணக்கை முடித்து லாப நஷ்டத்தைப் பங்குதாரர்களுக்கு அனுப்பும் கம்பெனிகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. நூல் என்ன விலைக்குப் போனது, சிமெண்ட் எத்தனை டன் நகர்ந்தது, இந்த வருஷம் டிவிடெண்ட் உண்டா என்பதெல்லாம் அங்கே வீட்டுப் பேச்சு. அதே மார்ச் 31க்குக் கணக்கு முடிக்கும் இன்னொரு சரக்கும் இந்த ஊரிலும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அன்றாடம் விற்கிறது. அதன் கணக்கை மட்டும் யாரும் வீட்டில் பேசுவதில்லை. பச்சை நிற டாஸ்மாக் பலகைக்குக் கீழே, கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வரும் பீர் பாட்டிலைத்தான் சொல்கிறேன்.

பீரும் கணக்கும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். மெசொப்பொத்தேமியாவின் உருக் நகரத்தில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுப் பழமையுள்ள களிமண் பலகைகளில் பெரும்பாலும் வரவு செலவுதான் இருக்கிறது. அவற்றில் புகழ்பெற்ற ஒன்று, 37 மாதங்களில் 29,086 அளவு பார்லி வந்ததைக் குறித்துவிட்டு ‘குஷிம்’ என்று முடிகிறது. அது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. ஆள்தான் என்றால், மனிதர்கள் எழுதிவைத்த முதல் பெயர்களில் ஒன்று, பீர் காய்ச்சும் களஞ்சியத்தில் கணக்கெழுதிய ஒருவருடையது. ராஜாக்கள் பிறகுதான் வருகிறார்கள்.

அந்தப் பழைய பீர் ஊரைவிட்டு நகராது. இரண்டு மூன்று நாளில் புளித்துப்போகும். அதற்குக் கால் முளைக்க வைத்தது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. கசப்பைக் கொடுப்பதோடு பீரைக் கெடாமலும் காக்கும் அதன் குணத்தை, 12ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் எழுதியே வைத்திருக்கிறார். பிரெமன், ஹாம்பர்க் துறைமுக வணிகர்கள் அந்தக் குணத்தைக் காசாக்கினார்கள். பீப்பாயில் அடைத்து வட கடல் முழுக்க அனுப்பினார்கள். பீர் என்பது ஏற்றுமதிச் சரக்காக ஆனது அப்போதுதான்.

இந்தியாவுக்கு அது வந்த கதையில் தாகத்தைவிடக் கப்பல் கூலிக்குப் பங்கு அதிகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இங்கிருந்து துணியும் மிளகும் அவுரியும் நிறைய ஏற்றிப் போயின. அங்கிருந்து வரும்போது ஏற்றிவர அவ்வளவு சரக்கு இல்லை. வெறும் வயிற்றோடு வரும் கப்பலில் கூலி மலிவு. கப்பல் தலைவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் வியாபாரம் செய்துகொள்ளும் சலுகையும் இருந்தது. பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, கண்ணாடிச் சாமான், ஒயின் என்று அவர்கள் வாங்கி ஏற்றிய பட்டியலில் பீரும் சேர்ந்தது. லண்டனில் அந்தக் கப்பல்கள் நின்ற துறைக்குப் பக்கத்தில், போ என்ற இடத்தில், 1752 முதல் பீர் ஆலை வைத்திருந்தவர் ஜார்ஜ் ஹாட்ஜ்சன். அவருடைய பீர் மற்றவர்களுடையதைவிட உயர்ந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அவர் ஆலை பக்கத்தில் இருந்தது. அதோடு, பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை கடன் கொடுத்தார். போய் விற்று வந்து கொடுங்கள் என்று சொல்லும் வியாபாரியை எந்தக் கப்பல் தலைவர் விடுவார்?

அந்தப் பீர் அக்டோபரில் காய்ச்சியது. ஹாப்ஸ் தாராளமாகப் போட்டது. நிலவறையில் ஒன்றிரண்டு வருஷம் கிடந்து பக்குவப்பட வேண்டியது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரு முறை தாண்டி, நாலைந்து மாதம் கப்பலின் அடித்தட்டில் சூட்டில் குலுங்கியதில் அந்தப் பக்குவம் தானாகவே வந்துசேர்ந்தது. இந்திய வெயிலுக்கென்றே ஹாட்ஜ்சன் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று பிற்காலத்தில் கட்டிய கதையை நம்ப வேண்டாம். கறுப்புப் பீரும்தான் அதே கப்பலில் வந்தது, அதுவும் கெடாமல்தான் இறங்கியது. சென்னையில் அன்று துறைமுகமே கிடையாது. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில், அலைக்கு நடுவே நம் படகோட்டிகள்தான் இந்தப் பீப்பாய்களைக் கரை சேர்த்தார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஹாட்ஜ்சனின் வாரிசுகளுக்குப் பேராசை பிடித்தது. 1820களின் தொடக்கத்தில் விலையை ஏற்றினார்கள், கடனை நிறுத்தினார்கள், கப்பல் தலைவர்களை ஒதுக்கிவிட்டு நேரடியாக இந்தியாவில் விற்கப் பார்த்தார்கள். கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான கேம்ப்பெல் மார்ஜோரிபாங்க்ஸ் 1822இல், பர்ட்டன் நகரத்து ஆலை முதலாளி சாமுவேல் ஆல்சாப்பைச் சாப்பாட்டுக்கு அழைத்து, இதைப் போலவே உம்மால் செய்ய முடியுமா என்று கேட்டார். ஆல்சாப் அப்போது கவலையில் இருந்தவர். அவர் பீரை வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யா அதே ஆண்டு இறக்குமதி வரியை உயர்த்திக் கதவைச் சாத்தியிருந்தது. ரஷ்யச் சக்கரவர்த்தியின் வரி, சென்னைக் கோட்டைத் துரையின் கோப்பையை நிரப்பப் போகிறது என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆல்சாப்பின் மால்ட் பக்குவக்காரர் ஜாப் குட்ஹெட், முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கூஜாவில் காய்ச்சிப் பார்த்தார் என்பது பர்ட்டன்காரர்கள் சொல்லும் கதை.

நகல் அசலை மிஞ்சியது. பர்ட்டனின் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். கசப்பு அதில் தெளிவாக எழும்பும், பீர் பளிச்சென்று இருக்கும். சில ஆண்டுகளில் ஆல்சாப்பும், பின்னாலேயே வந்த பாஸ் கம்பெனியும் இந்தியச் சந்தையைப் பிடித்துக்கொண்டன. பிறகு உலகெங்கும் ஆலைக்காரர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரில் ஜிப்சத்தைக் கலந்து பர்ட்டனைப் போலச் செய்தார்கள். போலிகள் பெருகியதால், பிரிட்டனில் வணிக முத்திரைப் பதிவு தொடங்கிய 1876ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே பாஸ் தன் சிவப்பு முக்கோணத்தைப் பதிவு செய்தது. முதல் எண் அதற்குத்தான். 1882இல் ஓவியர் மனே பாரிஸ் மதுக்கூடம் ஒன்றை வரைந்தபோது அந்த முக்கோணம் மேசைமேல் வந்து உட்கார்ந்தது.

இதற்குள் இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கணக்கு உறைத்தது. இவ்வளவு தூரம் தண்ணீரைச் சுமந்து வருவானேன்? குளிர்ந்த மலை இங்கேயே இருக்கிறதே. 1849இல் இலங்கையின் நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் சிறிதாக ஓர் ஆலை போட்டார். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவர் இவர்தான். 1855இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் எட்வர்ட் டயர் தொடங்கினார். ஜாலியன்வாலா பாக் என்றதும் நினைவுக்கு வரும் டயர் அவருடைய மகன். 1857இல் நீலகிரியில் காசில் ஆலை எழுந்தது. மலையில் காய்ச்சிய பீர் பெரிய பெரிய பீப்பாய்களில், மாட்டு வண்டியில், சென்னைக்கும் பெங்களூருக்கும் பட்டாளங்களைத் தேடி இறங்கியது.

மலைக்கு ஓட வேண்டிய அவசியத்தை முடித்துவைத்தவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். அது முழுக்கத் திருட்டும் நகலும் கலந்த கதை. மியூனிக்கின் கேப்ரியல் செடில்மயரும் வியன்னாவின் ஆன்டன் டிரெஹரும் 1833இல் பிரிட்டிஷ் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். விருந்தாளி வேஷம், கையில் உள்ளே குடைந்த கைத்தடி. ஆலைக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்போது தொட்டியில் தடியை முக்கி மாதிரி எடுத்துக்கொண்டு அறைக்குப் போய் அளந்து பார்ப்பார்கள். கோபன்ஹேகனின் ஜேகப்சன், 1845இல் செடில்மயரிடமிருந்தே ஈஸ்டை வாங்கி, வழிநெடுகக் குளிர்ந்த நீர் ஊற்றிக் காப்பாற்றிக் குதிரை வண்டியில் ஊர் கொண்டுசேர்த்தார். அவர் நிறுவியதுதான் கார்ல்ஸ்பெர்க். அதன் ஆய்வகத்தில் 1883இல் எமில் ஹான்சன் ஈஸ்டைக் கலப்பில்லாமல் பிரித்தெடுத்தார். ஜேகப்சன் அந்த முறையை ரகசியமாக வைக்காமல் போட்டிக்காரர்களுக்கும் கொடுத்தார். கார்ல் லிண்டே 1870களில் செய்த குளிரூட்டும் இயந்திரத்தை முதலில் விலைக்கு வாங்கியவர்கள் பீர் முதலாளிகள். அதன்பின் குளிர் வேண்டி மலைமேல் ஆலை கட்ட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் இதன் வால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நீள்கிறது. பாஸ்டர் சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் முறையை முதலில் வகுத்தது ஒயினுக்கு, அடுத்துப் பீருக்கு. பாலுக்கு அது வந்தது பிறகுதான். பால்கோவாவால் பெயர் பெற்று, 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிய ஊரில், பெட்டிக்கடையில் வாங்கும் பால் பாக்கெட்டின் மேல் அவர் பெயர் அச்சாகியிருக்கிறது. புளிப்பை அளக்கும் பி.எச். அளவுகோலை 1909இல் தந்த சோரன்சன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துக்காரர். டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த கோசெட், குறைந்த மாதிரிகளை வைத்துப் பார்லியையும் ஹாப்ஸையும் எடைபோடக் கணக்கு ஒன்று கண்டுபிடித்தார். ஆலை ரகசியம் வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டினால், 1908இல் அதை ‘மாணவன்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் புள்ளியியல் தாளில் எழுதும் டி-சோதனை அதுதான். பீர் ஆலைக்கு நன்றி சொல்லி எந்தப் பாடப்புத்தகமும் தொடங்கி நான் பார்த்ததில்லை.

தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த ஆலைகளை ஒன்றாகச் சேர்த்து, 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியைத் தொடங்கினார். நீலகிரிக் காசில் ஆலையும் அதில் சேர்த்தி. அதற்கு வாடிக்கையாளர் பட்டாளமும் துரைமார்களும். நம் ஊரில் குடிப்பவர்களுக்குப் பனங்கள்ளும் தென்னங்கள்ளும் சாராயமும் இருந்தன. அவற்றின் ஏலத்தொகைதான் மாகாண அரசின் வருமானத்தில் பெரும் பங்கு.

அந்த வருமானத்தின்மேல் கை வைத்தவர் ராஜாஜி. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி என்ற புதிய வரியைப் போட்டார். பொருள் எதுவானாலும் விற்றால் வரி என்பது இந்தியாவில் அதுவரை இல்லாத ஏற்பாடு. வணிகர்கள் கொதித்தார்கள். மற்ற மாகாணங்களோ ஒவ்வொன்றாக அதை நகலெடுத்தன. மது போனது, வரி தங்கியது. இந்தக் கதையின் வாரிசு கடைசியில் வரும்.

1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்குக்குள் வந்தது. அடுத்த ஏப்ரலில் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ராஜபாளையத்து பூ.ச. குமாரசாமி ராஜா. காந்தியவாதி, தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர். முழு மதுவிலக்கில் மூன்று ஆண்டு ஆட்சி நடத்தியவர், 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். அதே காலத்தில்தான் அரசு முத்திரையில் கோபுரமும் ஏறியது. அது ஆண்டாள் கோவில் கோபுரம் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரின் அசைக்க முடியாத நம்பிக்கை. மதுரை மேலக்கோபுரம் என்று வாதிடும் கட்சியும் உண்டு. எப்படியோ, மதுவிலக்குக் காலத்து ஆணைகளில் விழுந்த அதே கோபுர முத்திரைதான் இன்று மதுக்கொள்கை ஆணைகளிலும் விழுகிறது.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த 1947இல், யுனைடெட் புரூவரீஸின் பங்குகளை வாங்கி அதன் முதல் இந்திய இயக்குநரானார் விட்டல் மல்லையா. வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. சென்னை மாகாணம் வறண்டு கிடக்க, கம்பெனியின் அலுவலகம் 1952இல் பெங்களூருக்குப் போனது. 1978இல் அவர் மகன் விஜய் மல்லையாவின் முனைப்பில் கிங்ஃபிஷர் என்ற பெயர் சந்தைக்கு வந்தது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மது 1971இல் திறந்து, மூன்று வருஷத்தில் மூடி, 1981இல் மறுபடி திறந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடையும் அரசுடையதானது.

அதற்குள் பீர் வந்த வழியே திரும்பிப் போகத் தொடங்கிவிட்டது. ஹைதராபாத்திலிருந்து லண்டனுக்குப் படிக்கப்போன கரண் பிலிமோரியா, கல்விக் கடன் கழுத்தில் தொங்க, கோப்ரா என்ற பீரை உருவாக்கினார். காய்ச்சியது பெங்களூரின் மைசூர் புரூவரீஸ். அங்கே இருந்ததெல்லாம் நம் ஊரின் பெரிய 650 மில்லி பாட்டில்தான், வேறு வழியில்லாமல் அதிலேயே அடைத்து அனுப்பினார்கள். லண்டன் இந்திய உணவகங்களில் அந்தப் பெரிய பாட்டிலை மேசைக்கு நடுவில் வைத்துப் பகிர்ந்து குடிக்கும் பழக்கம் பிடித்துக்கொள்ள, இல்லாமையே விளம்பரமாயிற்று. விற்பனை பெருகியதும் கப்பல் கூலியைக் கணக்குப் பார்த்தார்கள். 1997இல் காய்ச்சும் வேலை இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுக்கு மாறியது. கிங்ஃபிஷரும் அப்படித்தான், பிரிட்டனில் விற்பதை நெடுங்காலம் கென்ட் மாவட்டத்து ஷெப்பர்ட் நீம் ஆலை காய்ச்சியது. இந்தியப் பீர் என்று லேபிள், இங்கிலாந்துத் தண்ணீர். ஹாட்ஜ்சன் இருந்தால் சிரித்திருப்பார்.

பாக் நீரிணைக்கு அப்பால், நுவரெலியா ஆலை லயன் புரூவரியாகி 1990களின் கடைசியில் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கியது. அதை நடத்தும் கார்சன் கம்பர்பேட்ச் குழுமம் செல்வநாதன் சகோதரர்களின் கையில். குழுமத்துக்கு மேலே தாய் நிறுவனமாக இருப்பது மலாயாத் தோட்டத் தொழிலில் பிறந்த புக்கிட் தாரா. பங்கில் ஒரு பகுதி கார்ல்ஸ்பெர்க்குக்கு. 2016 மே மாத வெள்ளத்தில் ஆலை மூழ்கி மாதக்கணக்கில் நின்றது. நூறு வருஷத்துக்கு மேலாகச் சொந்தமாகக் காய்ச்சிய தீவு பீரை மறுபடி கப்பலில் வரவழைக்க வேண்டியதாயிற்று.

யுனைடெட் புரூவரீஸுக்கு வந்த வெள்ளம் வேறு மாதிரி. மது விளம்பரத்துக்குத் தடை இருந்ததால், கிங்ஃபிஷர் பெயர் சோடாவிலும் நாட்காட்டியிலும் ஏறி, 2005இல் விமானத்திலும் ஏறியது. விமானக் கம்பெனி 2012இல் தரை தட்டியது, கடன் மலையாய் நின்றது. மல்லையாவின் பீர்க் கம்பெனிப் பங்குகளை அரசு முடக்கியது. 2021 ஜூனில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் வழியாக ஏறத்தாழ 15 சதவீதம் விற்பனைக்கு வந்தது. வாங்கியது ஆம்ஸ்டர்டாமின் ஹைனெக்கன். பழைய பங்கோடு சேர்த்து 61.5 சதவீதம். 2012இல் சிங்கப்பூரின் டைகரையும் அது வாங்கியிருந்ததால், சிங்கப்பூர்த் தமிழரின் புலியும் நம் மீன்கொத்தியும் இன்று ஒரே முதலாளியின் கணக்கில் வருகின்றன.

புது முதலாளிக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அபராதம். 2009 முதல் 2018 வரை பீர்க் கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைத்தன என்று, 2021 செப்டம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மொத்தம் 873 கோடி ரூபாய் விதித்தது. அதில் யுனைடெட் புரூவரீஸின் பங்கு மட்டும் 750 கோடிக்கு மேல். கூடிப் பேசியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் பேசியது பெரும்பாலும் மாநில அரசுகளிடம் என்ன விலை கேட்பது என்பதைப் பற்றித்தான். 2023-24 கணக்கைப் பாருங்கள்: கம்பெனியின் மொத்த விற்பனை 18,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது; கலால் போனால் மிஞ்சுவது 8,100 கோடிச் சொச்சம்; எல்லாச் செலவும் போய் நிகர லாபம் 410 கோடி அளவில். காய்ச்சுகிறவரைவிடக் காய்ச்சாதவருக்குப் பங்கு அதிகம். 2025 ஜனவரியில், 2019-20க்குப் பிறகு விலையை ஏற்றவில்லை, பாக்கியும் வரவில்லை என்று தெலங்கானாவுக்குச் சரக்கை நிறுத்தியே பார்த்தது கம்பெனி. சில நாளில் மறுபடி அனுப்பியது, அடுத்த மாதம் அரசு 15 சதவீதம் உயர்த்தியது.

தமிழ்நாட்டில் இந்த ஆண்டுக் கணக்கு பங்குதாரர் கூட்டத்தில் அல்ல, சட்டமன்றத்தில் வாசிக்கப்படுகிறது. டாஸ்மாக் மூலம் 2023-24இல் அரசுக்கு வந்தது 45,855 கோடி. 2024-25இல் 48,344 கோடி. பீர் அதில் ஒரு பங்குதான், பிராந்திக்கும் ரம்முக்கும்தான் இங்கே கூட்டம். ராஜபாளையம் கடையில் ஒரு பாட்டிலுக்கு என்ன விலை என்பதை முடிவு செய்வதில் ஆம்ஸ்டர்டாமுக்கோ பெங்களூருக்கோ சொல் இல்லை. சென்னை எழும்பூரில் இருக்கும் டாஸ்மாக் தலைமை அலுவலகத்திலிருந்து விலைப்பட்டியல் வருகிறது.

மதுவை இழந்த ஈட்டுக்காக ராஜாஜி போட்ட விற்பனை வரியின் பேரப்பிள்ளை, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. என்ற பெயரில் நாடெங்கும் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா வாங்கினால் பில்லில் அது இருக்கிறது. குடிக்கும் மதுவை மட்டும் அரசியல் சட்டத்திருத்தமே அதற்கு வெளியே நிறுத்திவிட்டது. பீருக்கு இன்றும் பழைய கலாலும் மாநில விற்பனை வரியும்தான்.